என் மகள் சாலை, மலை இரண்டு சைக்கிள் பந்தயமும் ஓட்டுகிறாள், இதையே தொழிலாக்க வேண்டும் என்கிறாள். சிங்கப்பூரிலிருந்து இது நடக்கிற காரியமா?

உங்கள் மகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓ லெவல் தேர்வு நெருங்குகிறது, டியூஷனுக்குக் காசு கட்டியாயிற்று, அவளோ சனிக்கிழமை விடியுமுன்னே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மண்டாய் பக்கம் போய்விடுகிறாள். உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எல்லாம் என் ஊகம்தான், தப்பென்றால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் சாம்பியன் இல்லை. இருபது வயதிலிருந்து ஆறு வருடம் இரண்டு சைக்கிளிலும் பந்தயம் ஓட்டினேன், காசாக ஒரு வெள்ளிகூடச் சம்பாதித்ததில்லை. ஜொகூரில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிய ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். பரிசு ஒரு ஹேம்பர்: மைலோ டின், பிஸ்கட், சமையல் எண்ணெய். அம்மா எண்ணெயை மட்டும் பாராட்டினார். "தோற்றவள் என்ன புத்தி சொல்வது" என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஜெயித்தவர்களுக்கு இங்கே வந்து பதில் எழுத நேரம் இருக்காது.

"இங்கே மலையே இல்லையே" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். உண்மைதான், புக்கிட் தீமா 163 மீட்டர். 2025 பெண்கள் டூர் டி பிரான்சில் பிரெஞ்சு வீராங்கனை பொலீன் ஃபெரான் பிரேவோ மற்றவர்களை உதறிவிட்டுப் போன மடலேன் கணவாய் ஏறக்குறைய 2,000 மீட்டர். ஆனால் நான் மண்ணைக் கவ்வியது தட்டையான சாலையில்.

2011-இல் இரண்டு வருடச் சேமிப்பு 9,000 வெள்ளியை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் பெல்ஜியம் போனேன். அங்கே கோடையில் ஊருக்கு ஊர் 'கெர்மிஸ்' என்று பந்தயம் நடக்கும். தேவாலயம், பியர்க்கடை, சோளக்கொல்லை என்று ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். இங்கே நான் ஓட்டிய காலத்தில் பெண்கள் பிரிவில் பன்னிரண்டு பேர் வந்தால் அதிகம். அங்கே தொடக்கக் கோட்டில் நூறு பேருக்கு மேல். பக்கத்தில் நின்றவளின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது, அவளோ சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

அப்பா லாரி ஓட்டியவர். "பிரேக்குல விரல் இருக்கட்டும்மா" என்று சொல்லிச் சொல்லியே என்னை லிம் சூ காங் சாலைக்கு அனுப்புவார். முதல் வளைவில் விரல் தானாக அழுத்திவிட்டது. அரை நொடிதான். முன்னால் போன சக்கரத்துக்கும் எனக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது, அதில் நாலு பேர் புகுந்துவிட்டார்கள். வளைவு முடிந்ததும் எழுந்து நின்று மிதித்து அதைப் பிடித்தேன். அடுத்த வளைவில் மறுபடியும் அதே கதை. சுற்றுக்கு ஒன்பது வளைவு. பக்கக்காற்று வந்ததும் முன்னணியில் இருந்தவர்கள் சாய்வாக வரிசை கட்டிச் சாலையை அடைத்துக்கொண்டார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு மறைவு கிடைக்காத நாங்கள் புல் ஓரத்தில் ஒற்றைக் கயிறாகத் தொங்கினோம். நாலாவது சுற்றில் ஒரு பெரியவர் கொடியை ஆட்டி என்னை ஓரம் கட்டச் சொன்னார்.

ஐந்தாவது பந்தயத்தில்தான் முடிவுக்கோட்டைப் பார்த்தேன். அன்றைக்கு மழை, கல் பாவிய தெரு. எனக்கு முன்னால் வரிசையாக விழுந்தார்கள், நான் விழவில்லை. புலாவ் உபின் தீவில் கேத்தாம் மலைசைக்கிள் பாதையின் ஈரவேர் மேல் பிரேக்கைத் தொடாமல் உருளப் பழகியது அந்த ஒரு நாள் கைகொடுத்தது. அதனால் "ஏதாவது ஒன்றில் கவனம் வை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஃபெரான் பிரேவோ 2014-இல் சாலையில் உலகச் சாம்பியன், அடுத்த ஆண்டே சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராசிலும் மலைசைக்கிளிலும். 2019-இல் கால் தமனிக்கு அறுவை சிகிச்சை, அதே வருடம் மறுபடி மலைசைக்கிள் உலகப் பட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மலைசைக்கிள் தங்கத்தை வாங்கிக்கொண்டு சாலைக்குத் திரும்பி, 2025-இல் கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரி-ரூபே பந்தயம், டூர் இரண்டையும் 33 வயதில் எடுத்தார். அந்த டூருக்காக அவர் எடை குறைத்தது பெரிய விவாதமானது. உங்கள் மகளுக்கும் அந்தப் பேச்சு வரும், இப்போதே சத்துணவு நிபுணர் ஒருவரைப் பாருங்கள்.

காசு? நான் போன காலத்தில் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்றே ஒன்று கிடையாது. 2020-இல்தான் முதல்நிலை அணிகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 15,000 யூரோ என்று வைத்தார்கள், பிறகு ஏறியிருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் முதல்நிலைக்கு மட்டும்தான். அதற்குக் கீழே நிறையப் பேர் அப்பா அம்மா காசில்தான் ஓட்டுகிறார்கள்.

இங்கிருந்து யாருமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2013 மியன்மார் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் டைனா சான் டைம் டிரையலில் தங்கம் வாங்கினார். ஆனால் டைம் டிரையல் தனியாக ஓட்டுவது. கூட்டத்தில் ஓட்டுவதை இந்தத் தீவில் எங்கே படிப்பது? சாலையில் குழுவாகப் போனால் ஐந்து பேர் நீள வரிசைதான், இரட்டை வரிசையானால் பத்துப் பேர். விதியைக் குறை சொல்லவில்லை, லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவள் நான். ஆகவே நடக்குமா என்றால், நடக்கும், பதினெட்டு வயதுக்குள் அவளை ஒரு கோடை முழுக்க ஐரோப்பாவுக்கு அனுப்ப உங்களுக்கு மனசும் காசும் இருந்தால். இருபத்துநாலில் போனது எனக்குத் தாமதம்.

சொந்தக்காரர்களுக்கும் தயாராக இருங்கள். "இப்படிக் கறுத்துப் போயிட்டாளே, யார் கட்டுவா" என்று தேக்காவில் நடுக்கடையில் வைத்துக் கேட்ட அத்தை எனக்கு உண்டு. கட்டினார்கள், அது வேறு கதை. அதைவிடக் கொடுமை, அதே அத்தை குடும்பம் இன்று வரை பிள்ளைகளின் சைக்கிளை என்னிடம்தான் பஞ்சர் ஒட்டக் கொண்டுவருகிறது. டியூப் காசுகூடத் தருவதில்லை. பேத்தியின் சைக்கிள் ஒன்று நேற்றிலிருந்து என் வாசலில் சாய்ந்து கிடக்கிறது, சங்கிலி முழுக்கத் துரு. பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையை மறைக்கிறது என்று இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டார்.