கழுத்துத் திருகிய கோழிக்குஞ்சு பிழைக்குமா?

கேள்வி: தாய்க்கோழியோடு ஒன்பது குஞ்சுகள் நிற்கின்றன. மூன்று வார வயது. நேற்றுக் காலையிலிருந்து ஒரு குஞ்சின் தலை பின்னால் மடங்கி முதுகைத் தொடுகிறது. பின்பக்கமாகவே நடந்து விழுகிறது. மற்றவை நன்றாக இருக்கின்றன. வெள்ளை அரிசிக் குருணலும் மிஞ்சிய சோறும்தான் போடுகிறோம். பக்கத்து லயத்து அக்கா, "இது தேறாது, அறுத்துவிடு" என்கிறார். காப்பாற்ற வழி உண்டா டொக்டர்?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: அறுக்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் விற்றமின் குறைபாட்டையே முதலில் நினைக்க வைக்கின்றன. அதற்கு மருந்து உண்டு, விலையும் குறைவு.

தலை முதுகுப் பக்கம் மடங்கி, குஞ்சு வானத்தைப் பார்ப்பதுபோல் இருப்பது விற்றமின் பி1, அதாவது தயமின், குறைந்தால் வரும் நிலை. தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு போய்விடுவதால் பி1 மிகக் குறைவு. மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டதே கோழிகளால்தான். 1890களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் நரம்பு தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கவனித்தார். அந்த வழியில் வந்த ஆய்வுக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் குஞ்சின் தீனும் அதே வெள்ளை அரிசிதான்.

விற்றமின் ஈ குறைந்தாலும் கழுத்துத் திருகும். இரண்டு முதல் நான்கு வார வயதில்தான் அது அதிகம் வரும். சிறுமூளை பாதிக்கப்படுவதால் குஞ்சு தள்ளாடும், தலை ஒரு பக்கம் சுழலும், கால்கள் உதறும். வெளிப்பார்வையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால் இரண்டு விற்றமினையும் சேர்த்தே கொடுங்கள்.

பாமசியில் தயமின் 100 மில்லிகிராம் மாத்திரை கேளுங்கள். பி கொம்ப்ளெக்ஸ் வேண்டாம், அதில் பி1 குறைவாக இருக்கலாம். ஒரு மாத்திரையைப் பொடித்து, கொதித்தாறிய நீர் 10 மில்லிலீற்றரில், அதாவது இரண்டு தேக்கரண்டியில், நன்றாகக் கலக்குங்கள். காலையில் அரை மில்லிலீற்றர், மாலையில் அரை மில்லிலீற்றர். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பி1 குறைபாடு என்றால் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் மாற்றம் தெரியும். தெரிந்தாலும் ஒரு வாரம் தொடருங்கள். இரத்தக் கழிச்சலுக்கு அம்ப்ரோலியம் கலந்த தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அந்த மருந்து பி1ஐ உடலில் சேரவிடாது. அதை நாட்கணக்காகக் கொடுத்ததாலேயே கழுத்துத் திருகுவதும் உண்டு.

400 அலகு (IU) விற்றமின் ஈ குளிகை ஒன்றை ஊசியால் குத்தி எண்ணெயை எடுங்கள். முதல் நாள் முக்கால் பங்கு, பிறகு பத்து நாளைக்குத் தினம் கால் பங்கு. எண்ணெயை நேரே வாயில் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அவித்த முட்டை மஞ்சள் கருவில் பிசைந்து ஊட்டுங்கள். மஞ்சள் கருவில் சிறிதளவு இருக்கும் செலீனியம் என்ற தாதுச்சத்து விற்றமின் ஈ செய்யும் வேலைக்குத் துணை செய்யும். செலீனியம் மாத்திரை மட்டும் வேண்டாம், அளவு சற்றுக் கூடினாலே அது நஞ்சு. இரும்புச்சத்துக் கலந்த சத்து மருந்தும் இந்த நாட்களில் வேண்டாம். விற்றமின் ஈ குறைபாடு என்றால் குஞ்சு தேறுவதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் கழுத்தால் சாவதில்லை. தாகத்தாலும் பசியாலும் குளிராலும்தான் சாகின்றன. தலை பின்னால் மடங்கி இருப்பதால் அலகு தண்ணீரைத் தொடாது. மருந்தைவிட முக்கியமானது கையால் ஊட்டுவது. சிறு துணியில் குஞ்சைச் சுற்றி, தலையை உள்ளங்கையில் தாங்கி, அது இயல்பாக வரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். வலிந்து திருப்பக் கூடாது, ஈர்க்கு வைத்துக் கட்டவும் கூடாது. ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த துளி. நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்திருப்பதால் வாய்க்குள் ஊற்றினால் புரையேறிச் செத்துவிடும். குஞ்சுத்தீனைக் கஞ்சிபோல் கரைத்துப் பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை ஊட்டுங்கள். கழுத்தடியில் உள்ள தீன்பையைக் காலையில் தொட்டுப் பாருங்கள். முதல்நாள் தீன் அப்படியே கெட்டியாக நின்றால் அது வடியும்வரை தீன் வேண்டாம், தண்ணீர் மட்டும்.

அட்டைப்பெட்டியில், துணியை வளையமாகச் சுருட்டி நடுவில் உட்கார வையுங்கள், உருளாது. மூன்று வாரக் குஞ்சுக்கு 28 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். உங்கள் பக்கத்து இரவுக் குளிருக்குப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் பல்ப் தொங்கவிடுங்கள். மறுமூலை குளிர்ந்திருந்தால் குஞ்சே இடம் மாறிக்கொள்ளும். மின்சாரம் போனால் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் போதும். மூடிய காம்பராவுக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள், அதன் புகை குஞ்சை மட்டுமல்ல, உங்களையும் கொல்லும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு மூன்று நாளில் வேறு கோழிகளும் வாய் திறந்து மூச்சு வாங்கினால், பச்சையாகக் கழிந்தால், சிறகு தொங்கினால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதிலும் கழுத்துத் திருகும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. அதனால் இன்றே இந்தக் குஞ்சைத் தனியே வையுங்கள். மற்றக் கோழிகளுக்குத் தீன் போட்டு முடித்த பிறகே இதைத் தொடுங்கள், தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். அந்தக் கிருமி மனிதர் கண்ணிலும் எரிச்சலைத் தரும். கழுத்து திருகாமல் துணிபோலத் தொய்ந்து தரையில் கிடந்தால் அது வேறு: அழுகிய பிணத்தையோ அதன் புழுவையோ தின்றதால் ஏறிய நஞ்சாக இருக்கலாம். அப்போதும் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மற்ற எட்டுக்கும் இன்றே தீனை மாற்றுங்கள், அவையும் அதே குருணலைத்தான் தின்கின்றன. குஞ்சுத்தீன் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் சிவப்பு நாட்டரிசிக் குருணல், குரக்கன், பொடியாக அரிந்த வல்லாரை அல்லது முருங்கை இலை. தவிட்டில் பி1 நிறைய உண்டு, ஆனால் அதில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும், சிக்கடித்த எண்ணெய் விற்றமின் ஈயை அழித்துவிடும். மலைப்பனியில் சீமெந்துத் தரையில் வைத்த மூட்டை பூசணமும் பிடிக்கும். ஆகவே தவிடோ தீனோ இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமான அளவே வாங்கி, மூடியுள்ள தகரத்தில் பலகைமேல் வையுங்கள். முகர்ந்து பார்த்துப் பழைய எண்ணெய் மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

கழுத்து நிமிர்ந்ததும் உடனே கூட்டத்தில் விடாதீர்கள், மற்றவை கொத்தும். பயந்தால் கழுத்து மறுபடி திருகவும் கூடும். நாலைந்து நாள் கம்பிவலைக்கு அப்பால் தாயின் கண்ணில் படும்படி வைத்து, தானே தின்று தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.