காசநோய்க் கிருமியை ரிஃபாம்பிசின் எப்படிக் கொல்கிறது?

ரிஃபாம்பிசின் என்பது காசநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக். கிருமி உயிரோடு இருக்கப் புரதம் செய்தபடியே இருக்க வேண்டும். அதற்கான குறிப்பு டிஎன்ஏவில் இருக்கிறது, அதை ஒரு நொதி ஆர்என்ஏவாக நகல் எடுத்துக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். மருந்து நேராகப் போய் அந்த நொதிக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடத் தொடங்குகிறது, தாளின் ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது, அதோடு சிக்கி நின்றுவிடுகிறது. கிருமிக்குள்ளும் இதேதான்: ஆர்என்ஏ இரண்டு மூன்று எழுத்து அளவுக்கு வளர்ந்ததும் வழி அடைபட்டு, நகல் கிடைக்காமல், புரதம் இல்லாமல் கிருமி சாகிறது. நம் செல்களில் இருக்கும் மெஷின் வேறு மாடல், அதில் இந்த மருந்து ஒட்டுவதில்லை.

சரி, அப்புறம் ஏன் வழக்கமாக 6 மாதம்? சில கிருமிகள் வளராமல் தூங்கிக் கிடக்கும், அவை சாக நாளாகும். கோடிக்கணக்கான கிருமிகளில் ஓரிரண்டின் நொதி ஏற்கெனவே சற்று மாறியிருக்கும், மருந்து அதில் ஒட்டாது. அதனால்தான் ஐசோனியாசிட் போன்ற வேறு காசநோய் மருந்துகளும் கூடவே. இருமல் நின்றதும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரை போட்டபின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ரத்தம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது இந்த மருந்தின் சொந்த நிறம்தான்.