சார்ட் ஃபங்ஷன் ஒன்று போதும், ஒப்பீடுதான் வகைக்கு ஒன்று

கேள்வி: சி மொழியில் முழு எண், தசம எண், பெயர் என மூன்று வகை அரேக்களை வரிசைப்படுத்த ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறேன். வகைக்கு ஒன்றாக மூன்று சார்ட் ஃபங்ஷன்கள் உள்ளன. ஒரே கோடையே காப்பி அடித்த மாதிரி இருக்கிறது. சுருக்க வழி உண்டா?

உண்டு. சி மொழியிலேயே இருக்கும் க்யூசார்ட் (qsort) என்ற சார்ட் ஃபங்ஷன் இதற்காகத்தான் வந்தது. அரேயின் தொடக்கம், எத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை பைட், எப்படி ஒப்பிடுவது என்று நான்கை மட்டும் அது கேட்கும். உள்ளே இருப்பது எண்ணா பெயரா என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மூன்று சார்ட்டையும் எடுத்துவிட்டு, வகைக்கு ஓர் ஒப்பீட்டு ஃபங்ஷன் மட்டும் எழுதுங்கள். முதலாவது சிறியதென்றால் மைனஸ், சமமென்றால் பூஜ்யம், பெரியதென்றால் பிளஸ்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். முழு எண்ணுக்குப் பலரும் 'அ - ஆ' என்று கழித்து அனுப்பிவிடுவார்கள். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி. 32 பிட் இன்ட்டில் (int, சி-யின் முழு எண் வகை) சுமார் 214 கோடிக்கு மேல் இடமில்லை. விடை பெரும்பாலும் மைனஸாகத் திரும்பி வரும், வரிசை குலையும். சின்ன எண்களை வைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படவே படாது. (அ > ஆ) - (அ < ஆ) என்று எழுதுங்கள், அந்தத் தொல்லை இல்லை.

தசம எண்ணுக்கும் இதே வழிதான். ஆனால் 'எண்ணே அல்ல' என்று குறிக்கும் NaN மதிப்பு நுழைந்தால் எதனோடு ஒப்பிட்டாலும் பூஜ்யம் வரும். அதை முதலிலேயே சோதித்துக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அப்புறம் பெயர்கள். ஸ்ட்ரிங் பாயின்டர்களின் (எழுத்துத் தொடர் இருக்கும் முகவரிகளின்) அரே என்றால் ஒப்பீட்டு ஃபங்ஷனுக்கு வருவது ஸ்ட்ரிங் அல்ல, அந்தப் பாயின்டரின் முகவரி. இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப்பை (strcmp) நேரடியாகக் கொடுக்காதீர்கள். ஒரு படி உள்ளே போய் எடுத்து ஒப்பிடுங்கள்.

பெயர்கள் தமிழில் இருந்தால் அதுவும் போதாது. யுனிகோடில் ன எழுத்து ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதுதான் கடைசி மெய். அதனால் பலா, பழம், பனை என்று வர வேண்டியது பனை, பலா, பழம் என்று வரும். புள்ளியும் அப்படித்தான்: அகராதியில் பக்கம் முதலில், பகல் பிறகு. ஸ்ட்ர்கம்ப் அதைத் தலைகீழாக்கும். இதை நீங்களே எழுத முயல வேண்டாம். யுனிகோடு வேலைகளுக்கான ஐசியு (ICU) லைப்ரரியில் தமிழுக்கான ஒப்பீடு இருக்கிறது, அதை அழையுங்கள்.

இன்னொன்று: சமமானவற்றின் பழைய வரிசையைக் காப்பேன் என்று க்யூசார்ட் உறுதி தருவதில்லை. அது வேண்டுமென்றால் ஒவ்வோர் உறுப்போடும் அதன் பழைய வரிசை எண்ணை வைத்து, மதிப்பு சமமானால் அந்த எண்ணை ஒப்பிடும்படி ஒப்பீட்டு ஃபங்ஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.