பேத்திக்கு ஹார்டு டிஸ்க் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் இயற்பியல் படிக்கும் என் பேத்தி, சிலியில் இருக்கும் ரூபின் தொலைநோக்கியின் தரவை வீட்டிலிருந்தே ஆராயலாம் என்கிறாள். பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கித் தரவா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. அந்தத் தொலைநோக்கி ஒரே இரவில் சுமார் 20 டெராபைட் தரவு எடுக்கும், அதுவும் 10 வருஷத்துக்கு, எத்தனை டிஸ்க்தான் அடுக்குவீர்கள்? தரவு இருக்கும் கணினிக்கே நம் நிரலை அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம். வளவு வீட்டில் எல்லாப் பங்காளிக்கும் பங்குண்டு, அதற்காகத் தூணைப் பெயர்த்துக்கொண்டா போகிறார்கள்? ஆனால் ரூபினில் தரவு உரிமை உள்ளவர்களுக்குத்தான் முதல் பந்தி. அதுவரை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் சேர்த்த தரவுக் காப்பகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 180 கோடி நட்சத்திரங்கள், எல்லாருக்கும் இலவசம். பிரவுசரில் ஏடிகியூஎல் (ADQL) என்ற, காப்பகத்திடம் தரவு கேட்கும் மொழியில் நாலு வரி எழுதி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இருக்கும் பகுதியை மட்டும் கேட்டால் சின்ன அட்டவணையாக வந்துவிடும். அதே மொழி வேறு பல காப்பகங்களிலும் செல்லும். டிஸ்க் காசில் நல்ல நெட் போட்டுக் கொடுங்கள்.