புடவை மூட்டையும் மாடி போர்ஷனும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அம்மா இறந்த பிறகு அவருடைய புடவைகள் எங்கள் மாடி போர்ஷனில் மூட்டையாகக் கிடக்கின்றன. கணவனின் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு காப்பகத்துக்குப் போன் செய்தேன். முகவரி சொல்ல மறுத்துவிட்டார்கள். உதவ வருபவரிடம் எதற்கு இந்தக் கெடுபிடி? அப்புறம், படித்த பெண்கள்கூட ஏன் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

முகவரி சொல்லாததற்குக் கோபப்படாதீர்கள். "அவளோட அண்ணன் பேசுறேன்" என்று குரலைத் தணித்துக்கொண்டு விசாரிக்கும் கணவன்களும் அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். போனில் உங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? புடவையை அவர்கள் கேட்டால் கொடுங்கள். கட்டிய துணியோடு வந்தவளுக்கு முதல் நாள் தேவை உள்ளாடை, நாப்கின், போன் சார்ஜர்.

ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள், கே. பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் தையல் தைத்த ஒருத்தியை நானே ஆட்டோவில் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, மகனின் மார்க் ஷீட், துணி வெட்டும் கத்தரி. காது வீங்கி, கம்மலைக் கழற்ற முடியவில்லை. பொறுப்பாளர் நல்ல மனுஷி, டீ கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் பையனைப் பார்த்து வயது கேட்டார். 11. ஆதரவற்ற பெண்களுக்கான மத்திய அரசுத் திட்டமான ஸ்வதார் விடுதியின் அப்போதைய விதிப்படி மகள் 18 வயது வரை அம்மாவோடு இருக்கலாம், மகன் 8 வரைதான், அதற்கு மேல் குழந்தைகள் இல்லம். "நீ இங்க இரும்மா, நான் அப்பாகிட்டயே போறேன்" என்றான். அம்மாவுக்கு விழும் அடிக்குக் குறுக்கே போய் நின்று முதுகில் பெல்ட் தழும்பு வாங்கிய பிள்ளை. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதே ஆட்டோவில் திரும்பினோம்.

அந்த விடுதிகளுக்கு இப்போது சக்தி சதன் என்று பெயர், மகனுக்கான வரம்பு 12 ஆகியிருக்கிறது. சரி, 13 வயதுப் பையன் எங்கே போவான்? ஒரே ஹாலில் இருபது பாய் விரித்தால் வளர்ந்த பையனுக்கு இடமில்லைதான், மற்றப் பெண்கள் பயப்படுவதும் நியாயம்தான். ஆனால் தனித் தாழ்ப்பாளோடு இரண்டு அறை கட்ட எத்தனை வருடம் வேண்டும்? அடி வாங்கியவனை அடிப்பவர்களோடு சேர்த்து எண்ணி வாசலில் நிறுத்துகிறோம். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் காப்பகம் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. மகனை விட்டுவிட்டு எந்த அம்மா போய்க் கேட்பாள்?

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், பிறகு காப்பகம், அதற்குப் பிறகு வாடகை வீடு. "வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்" என்ற கேள்வியிலேயே பாதி வீடுகள் கைநழுவிவிடும், மீதி அட்வான்ஸில் போகும்.

அந்த மாடி போர்ஷன் எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது? தண்ணீர் வருகிறதா? படிக்கட்டு வெளிப்பக்கம் தனியாக இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.