புது இன்ஜின் செட் ஆகும் வரை எப்படி ஓட்டுவது? கேள்வி பதில்

முப்பது வருடமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். புது கார் எடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தாம்பரம்: அண்ணே, இப்போது இன்ஜினெல்லாம் கம்ப்யூட்டர் மெஷினில் செய்கிறார்கள். ரன்னிங்-இன், அதாவது புது வண்டியை ஆரம்பத்தில் பார்த்துப் பார்த்து ஓட்டுவது எல்லாம் அம்பாசிடர் காலத்தோடு போய்விட்டது இல்லையா?

குறைந்திருக்கிறது தம்பி, போய்விடவில்லை. சிலிண்டர் சுவர் பார்வைக்கு வழவழவென்று தெரிந்தாலும், ஹோனிங் கல் என்ற தேய்க்கும் கல்லால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். அவற்றின் கூர்மையான முனைகளும், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையமான பிஸ்டன் ரிங்கும் உரசி ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் 'செட் ஆவது' என்கிறோம். பட்டறையில் ஒரு வாரம் நடந்த இந்த வேலையில் பெரும்பகுதியை இன்று தொழிற்சாலையே முடித்துவிடுகிறது. மீதி உங்கள் கையில். பெரும்பாலான கார்களுக்கு முதல் 1,000 கி.மீ. வரை கவனம் போதும். சில கையேடுகள் 1,500, 2,000 என்று சொல்லும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

கரூர்: அப்பா புது வண்டியை 40-க்கு மேல் ஓட்டவே விடமாட்டேன் என்கிறார். அதையும் டாப் கியரில் ஓட்டுகிறார். இது சரியா?

அப்பாவின் அக்கறை புரிகிறது, ஆனால் இது இன்ஜினுக்குக் கெடுதல். ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஓரளவு இழுவை இருந்தால்தான் அந்த அழுத்தம் வரும். இன்ஜினுக்கு வேலையே கொடுக்காமல் பொத்திப் பொத்தி ஓட்டினால் ரிங் உட்காராது. ஆயில் சுவரிலேயே கருகிக் கண்ணாடி மாதிரிப் படிந்துவிடும். அப்புறம் ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும்.

அதற்காக டாப் கியரில் 40-இல் போவதை இழுவை கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அது திணறல். அதிரும், பேரிங்கில் ஆயில் அழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில் பளு ஏறும். ரிங் மாற்றிய ஒரு வேனை இப்படித்தான் இரண்டு மாதம் உருட்டிவிட்டு என்னிடம் திரும்பக் கொண்டு வந்தார்கள். திறந்து பார்த்தால் சுவர் பளபளக்கிறது, மறுபடி ஹோனிங். புது ரிங் செட்டின் காசு வீண். 40-இல் போவதென்றால் மூன்றாவது கியரில் போகச் சொல்லுங்கள்.

கோவை: ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, எவ்வளவு வரை போகலாம் சார்?

பெட்ரோலில் முதல் 500 கி.மீ. வரை 3,000-ஐ ஒட்டி, அதன் பிறகு 1,000 வரை அவ்வப்போது 3,500, 4,000. டீசல் என்றால் 2,500 சுற்றி. இது என் பழக்கம், கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பது மட்டும் வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் கண்டிப்பாக வேண்டாம்.

சென்னை: வண்டி எடுத்த மறுநாளே குடும்பத்தோடு பழனி போகிறோம். இவ்வளவு தூரம் ஓட்டலாமா?

தாராளமாகப் போய் வாருங்கள். நெடுஞ்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டு ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதுதான் தவறு. 70-இலிருந்து 90-க்கு மெதுவாக ஏற்றுங்கள், காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்க விடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். சாலை காலியாக இருக்கும் இடத்தில் செய்யுங்கள், பின்னால் வருபவரைக் கலங்கடிக்காமல். திருச்சி வருவதற்குள் இரண்டு முறையாவது நிறுத்தி டீ குடியுங்கள். இன்னொரு விஷயம்: பிரேக் பேடும் டயரும்கூடப் புதுசு. முதல் 300 கி.மீ. வரை முன்னால் போகும் வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள். மழை என்றால் இன்னும் அதிகம்.

மதுரை: 1,000 கி.மீ. சர்வீஸில் ஆயில் மாற்றவில்லை. சொந்தச் செலவில் மாற்றட்டுமா?

பல கம்பெனிகளில் முதல் சர்வீஸ் வெறும் பரிசோதனைதான், ஏமாற்று இல்லை. முன்கூட்டியே மாற்ற வேண்டாம் என்று கையேடு சொன்னால் மாற்றாதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், குறிப்பிட்ட அதே கிரேடில் மாற்றுவது தப்பில்லை. அதைவிட முக்கியம், வாரம் ஒரு முறை சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் அணைத்து சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) பார்ப்பது. ஆரம்பத்தில் ஆயில் லேசாகக் குறையலாம்.

பட்டறையில் போர் செய்த, அதாவது சிலிண்டரைக் கடைந்து சரி செய்த பழைய இன்ஜின் கதை வேறு. அதற்கு 500 கி.மீ.க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும்.

திருநெல்வேலி: ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் டப்பா வாங்கலாமா?

வேண்டாம்.

ஓசூர்: எலெக்ட்ரிக் காருக்கு இதெல்லாம் உண்டா?

இன்ஜினே இல்லை, எனவே ரிங் கவலையும் இல்லை. டயர், பிரேக் விஷயத்தில் மட்டும் மேலே சொன்னதுதான்.

துபாய்: லீவில் வந்து கார் எடுத்தேன், 200 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் திரும்பிய பிறகு அம்மா தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகச் சொல்கிறார். போதுமா அண்ணா?

தம்பி, அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிட ஐட்லிங்கில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும். புது இன்ஜினுக்கு இதைவிட மோசமான பழக்கம் இல்லை. லைசென்ஸ் உள்ள சொந்தக்காரர் யாரையாவது வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் பைபாஸ் பக்கம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகட்டும்.