துணைவரையும் விசாரியுங்கள்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் மா விவசாயிகள் குழு ஒன்றில் இருக்கிறேன். பூ விடும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு எப்போது மருந்தடிப்பது, பெங்களூரா மரத்தை எப்படிக் கவாத்து செய்வது என்றெல்லாம் இரண்டு ஆண்டுகளாக எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஒருவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்றும், உடன் இருப்பவர் நண்பரல்ல, துணைவர் என்றும் சென்ற மாதம் தனிச்செய்தியில் எழுதினார். அப்படிப்பட்டவர்களை அதே குழுவில் நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது அது முடியவில்லை. நேரில் பார்த்தே இராதவரால் வந்த இந்த மாற்றம் நிலைக்குமா? குழுவில் இதைப் பற்றிப் பேச்செடுக்கலாமா?

கி., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள கி.,

நிலைக்கும் என்றே நினைக்கிறேன். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வேறுபட்ட இரு தரப்பினர் அருகருகே இருப்பதால் மட்டும் வெறுப்பு குறைவதில்லை. இருவரும் சம நிலையில், ஒரே நோக்கத்துக்காக, சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதற்கு மேலிடத்தின் ஆதரவும் வேண்டும் என்பது அவர் கருத்து. பல தலைமுறைகளாக ஒரே ஊரில் வாழ்ந்தும் ஊருக்கும் காலனிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை அறிந்த என்னைப் போன்ற தருமபுரிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், பழக்கத்தால் வெறுப்பு குறைவது தன்பாலீர்ப்பாளர்கள் விஷயத்திலேயே மிக அதிகமாகத் தெரிந்தது. எழுத்துவழி உரையாடலுக்கும் அந்த ஆற்றல் உண்டு என்பதை ஆஸ்திரேலியாவில் ஃபியோனா வைட் குழுவினர் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கடந்துபோன ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். அவர் சொல்லாதிருந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் வெறுப்பு சிறிதும் குறையவில்லை. காலையில் அவரிடம் மாம்பூக் கொத்தின் படத்தை அனுப்பி யோசனை கேட்டிருப்பீர்கள். மாலையில் அதே குழுவில் கேலி எழுதியிருப்பீர்கள். அதையும் படித்துவிட்டு மறுநாள் அவர் மருந்தின் அளவைச் சொல்லியிருப்பார். பழக்கமும் உண்மையும் ஒருவரிடத்தில் சேர்ந்த பிறகுதான் உங்கள் மனம் அசைந்தது, அந்த உண்மைக்கான விலையை அவர் ஒருவரே கொடுத்தார்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மதுரையைச் சேர்ந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், தன்னிடமும் அறியாமை இருந்ததை ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, தன்பாலீர்ப்பாளர்களையும் சந்தித்த பிறகே 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்தார். கற்றுக்கொள்ளும் பொறுப்பை அவர் தன்மீது போட்டுக்கொண்டார். பொதுவாக அது எதிரில் இருப்பவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே குழுவில் பேச்செடுக்க வேண்டாம். தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. ஆனால் வீட்டு உரிமையாளரும் பங்காளிகளும் தீர்ப்பைப் படித்துவிட்டா பழகுகிறார்கள்? அவர் உங்களிடம் சொன்னது உங்களுக்காக மட்டுமே. பெயரை மறைத்துச் சொன்னாலும் நம் பக்கத்து ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த முறை யாராவது கேலிப்படம் போட்டால், “இதெல்லாம் இங்கே வேண்டாம்” என்று ஒரு வரி எழுதுங்கள். முன்பு நீங்களே போட்டவர் என்பதால் உங்கள் சொல்லுக்கு எடை அதிகம். குழுவின் அட்மினிடம் தனியாகப் பேசி அதையே ஒரு விதியாகப் போடச் சொல்லுங்கள். ஆல்போர்ட் சொன்ன மேலிடத்து ஆதரவு உங்கள் குழுவில் அவ்வளவுதான்.

இன்னொன்று. சென்ற மாதம் அவர் எழுதினார் என்கிறீர்கள். நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள். கேலிக்கு மன்னிப்புக் கேளுங்கள், துணைவரையும் விசாரியுங்கள், பிறகு வழக்கம்போலத் தோப்பைப் பற்றிக் கேளுங்கள்.